பார்வையாளர் நேரம்

வேன் நின்றதும் முதலில் இறங்கியது ஸ்பீக்கர். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கியவனுக்கு மூட்டை என்று பெயர். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து யாருடைய சாமானாக இருந்தாலும் அவன் தோளில்தான் ஏறும். அவனுக்குப் பின்னால் டைரக்டர் இறங்கினான். உருப்படியாக ஒரு படமும் இன்னும் எடுத்தவனில்லை; ஆனால் முதல் வகுப்பிலேயே தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டான், அதுவே நிலைத்துவிட்டது. அடுத்தது ரேடியோ. பாட்டுக்காரி. தூக்கத்தில்கூட எதையாவது முணுமுணுப்பாள். கடைசியாக, கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சோடா இறங்கினாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள் கேமரா பிடிக்கிறாளா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. அவள் எடுத்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வழி நெடுகப் பாட்டும் கிண்டலுமாக வந்த வேன், கடைசிக் கொஞ்ச தூரம் வாயடைத்துப் போயிருந்தது. காரணம் மூட்டையின் வாய். படிப்பு முடிந்ததும் பெரிய நகரத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ வைப்பதைப் பற்றி அவன் அளந்துகொண்டு வந்தான். பார்த்து வைத்திருக்கும் வீட்டில் மூன்று அறை, ஆளுக்கொன்று, சண்டையே வராது என்றான். சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருந்த சோடாவைப் பார்த்தான். ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டைரக்டர் செல்போனை எடுத்து, அணைந்திருந்த திரையையே உற்றுப் பார்த்தான்.

சோடா கேமராப் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அவள் வீட்டில் அவளும் அப்பாவும்தான். அம்மா, இவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா பஸ் ஓட்டுகிறவர். அவர் வீட்டுக்கு வரும்போது இவள் தூங்கியிருப்பாள். இவள் வரும்போது அவர் வண்டியில் இருப்பார். மூடி வைத்த சாப்பாடுதான் அவர்களுக்குள் நடக்கும் பேச்சில் முக்கால்வாசி. அதனால் இந்த மூன்று பேரைத்தான் அவள் வீடு மாதிரி நினைத்திருந்தாள். அந்த வீட்டில் தனக்கு அறை இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

படப்பிடிப்புக்கு வந்திருந்த இடம் ஒரு பழைய ஆஸ்பத்திரி. நெடுஞ்சாலைப் பக்கம் புதுக் கட்டடம் எழும்பியதும் இதைப் பூட்டிவிட்டார்கள். டைரக்டரின் சித்தி இங்கேதான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது புது ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் சொல்லித்தான் அனுமதி கிடைத்திருந்தது. டியூட்டிக்கு நடுவில் வெள்ளை உடுப்போடு வந்து, துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்துவிட்டாள். மின்சாரம் கிடையாது, பின்பக்கப் படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாடிக்குக் கூட்டிப்போனாள்.

மாடியில் பெண்கள் வார்டு. அதன் வாசல் வரை வேகமாக வந்தவள், உள்ளே கால் வைக்காமல் நின்றுவிட்டாள்.

"எல்லாரும் ஒண்ணாவே இருங்க. இங்க யாரும் தனியா உட்கார்ந்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

"ஏன் சித்தி, பேய் கீய் இருக்கா?" என்றான் டைரக்டர்.

சித்தி சிரிக்கவில்லை. தலையில் சரியாக இருந்த கொண்டை ஊசியை எடுத்து மறுபடி செருகிக்கொண்டாள்.

"பழைய கட்டடம்டா. அதைத்தான் சொன்னேன்."

அவள் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம், ஏறி வந்தபோது இருந்ததைவிட வேகமாக இருந்தது.

வார்டு நீளமான ஒரே கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள் வரிசையாக, மெத்தையில்லாமல், எலும்பு தெரிய நின்றன. உயரமான ஜன்னல்கள். கண்ணாடி உடைந்த இடங்கள் வழியாக வெயில் உள்ளே சாய்ந்து விழுந்தது. வாசலோரம் மடக்கு நாற்காலிகளைச் சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். அதற்கு மேலே சுவரில் 'பார்வையாளர் நேரம்' என்ற எழுத்து மட்டும் மிச்சமிருந்தது, நேரம் உதிர்ந்துவிட்டிருந்தது. புறா எச்சமும் தூசியும் கலந்த நாற்றம். அதற்கு அடியில், கூர்ந்து மூச்சிழுத்தால், ஃபினாயில் வாசனை. அன்றைக்குக் காலையில் துடைத்துவிட்ட தரை மாதிரி.

சோடா அதைச் சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது என்று யோசித்து விட்டுவிட்டாள்.

படமாக்க வந்த பாட்டு, ரேடியோ எழுதியது. 'ஆளில்லாத வீட்டிலே, யார் ஏற்றிய விளக்கிது' என்று தொடங்கும். ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிடுவார்கள். ரேடியோ கட்டில்களுக்கு நடுவே நடந்தபடி வாயசைப்பாள். சோடா பின்னோக்கி நடந்துகொண்டே எடுப்பாள். மூட்டை, வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளிப் பலகையைத் தூக்கிக்கொண்டு கூடவே நகர்வான். இதற்கு முன் எத்தனையோ தடவை செய்ததுதான்.

அன்றைக்கு ஃபோகஸ் நிற்கவில்லை.

ரேடியோவின் முகத்தில் வைத்தால் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போய்விடும். ரேடியோ மங்கிப் புகையாவாள். அவளுக்குப் பின்னால், கூடத்தின் கோடியில் ஜன்னலை ஒட்டிய கடைசிக் கட்டில், ஒவ்வொரு கம்பியும் தெரியும்படி துலங்கும். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே. கண்ணாடியைத் துடைக்கச் சொன்னான் டைரக்டர், கேமராவுடையதை இல்லை, அவளுடையதை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

தானாக ஃபோகஸ் செய்வதை அணைத்துவிட்டு, வளையத்தைக் கையால் திருப்பி எடுக்கத் தொடங்கினாள். அப்போதும் நடுவில் ஒருமுறை பார்த்தால், கடைசிக் கட்டில்தான் துலக்கமாக இருந்தது. வளையத்தின் மேல் இருந்தவை அவளுடைய விரல்கள்தான். எப்போது திருப்பினோம் என்று அவளுக்கு நினைவில்லை.

எப்படியோ ரேடியோவின் பகுதி முடிந்தது. பசி வந்ததும் டீக்கடை தேடிப் போகலாம் என்றார்கள். காலியான கட்டில், ஜன்னல் வெளிச்சம் என்று துண்டு துண்டாகச் சில ஷாட் பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு வருவதாக சோடா சொன்னாள். சித்தி சொன்னதை டைரக்டர் நினைவுபடுத்தினான். பகல் வெளிச்சத்தில் என்ன வந்துவிடும் என்று இவள் கேட்டாள். உண்மையில், டீக்கடை பெஞ்சில் அந்த மூன்று பேருக்கு எதிரே உட்கார அவளுக்கு மனமில்லை.

"நானும் இருக்கட்டுமா?" என்று ரேடியோ மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். போய் உங்க வீட்டைப் பத்திப் பேசுங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரேடியோவின் முகம் சுண்டிப் போயிற்று. மற்றவர்களோடு இறங்கிப் போனாள். பேச்சும் காலடியும் படிக்கட்டில் தேய்ந்து, முற்றத்தில் தேய்ந்து, கேட்டு கிறீச்சிட்டதோடு நின்றன.

அதன் பிறகு அந்தக் கூடம் அமைதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைக் கவனிக்கும்போது ஒரு சத்தமின்மை இருக்குமே, அது இருந்தது.

சோடா கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, கூடத்தின் கோடியைப் பார்க்க வைத்துப் பதிவை ஓடவிட்டாள். வெளிச்சம் தரையில் நகர்வதை அப்படியே பிடித்துக்கொள்ளட்டும். பிறகு குனிந்து பையில் வேறு லென்ஸைத் தேடினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

நிதானமான சத்தம். வாசல் பக்கம் தொடங்கி, சிமென்ட் தரையில் உராய்ந்துகொண்டே கட்டில் வரிசை முழுவதையும் தாண்டிப் போய், கோடியில் நின்றது. மூட்டையின் வேலை என்று நினைத்தாள். பயமுறுத்தத் திரும்பி வந்திருப்பான்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அடுக்கில் சாய்ந்திருந்த மடக்கு நாற்காலி ஒன்று கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துப் போடப்பட்டிருந்தது. கட்டிலைப் பார்த்தபடி. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குப் போடுவது போல.

"மூட்டை, விளையாடாதே" என்றாள். குரல் கூடத்தில் போய் எங்கோ மெத்தென்று விழுந்தது, எதிரொலிகூட இல்லை.

அப்போதே ஓடியிருக்கலாம். அவள் ஓடவில்லை. பிறகு எத்தனையோ தடவை யோசித்தும் அதற்கு அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. கிட்டே போனாள். நாற்காலியில் தூசி இல்லை. யாரோ முந்தானையால் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த கால் வலித்தது. நாள் முழுக்க யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

உட்கார்ந்தாள்.

ஃபினாயில் வாசனை அடங்கி, அப்போதுதான் எண்ணெய் வைத்து வாரிய தலையின் வாசனை வந்தது. கட்டிலின் கம்பிகள் மெல்ல முனகின, படுத்திருக்கும் ஒருவர் வந்தவரைப் பார்க்கப் புரண்டு படுப்பது போல.

"வந்துட்டியா."

காதருகில் இல்லை. கட்டிலில் தலையணை இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது. வயதைச் சொல்ல முடியாத பெண்குரல். ரொம்ப நாள் பேசாமல் இருந்து பேசும்போது வருகிற கரகரப்பு.

சோடா எழுந்திருக்க நினைத்தாள். மணிக்கட்டில் ஏதோ படிந்தது. எடையே இல்லாத விரல்கள், நாடி பிடிக்கிற மாதிரி. ஜில்லென்று.

"கொஞ்ச நேரம் இரு. எதையாவது பேசு."

பயத்தில் பேசினாளா, இல்லை கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் உள்ளே இருந்தது தானாகவே பொங்கியதா, தெரியவில்லை. மூன்று அறையைப் பற்றிச் சொன்னாள். வேனில் யாரும் தன் முகத்தைப் பார்க்காததைச் சொன்னாள். அப்பாவைப் பற்றி, மூடி வைத்த சாப்பாட்டைப் பற்றி, சாவி போட்டுத் திறக்கும்போதெல்லாம் இருட்டாக இருக்கும் முன்னறையைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குரல் குறுக்கே பேசவில்லை. அவ்வப்போது "உம்" கொட்டியது. இவ்வளவு பொறுமையாக அவளை யாரும் கேட்டதில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறியிருந்தது.

கீழே கேட்டு கிறீச்சிட்டது. படிக்கட்டில் காலடிகள். மூட்டை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான், உண்மையான பெயரை. அவன் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

"இங்கதான்டா இருக்கேன்" என்றாள்.

மூவரும் உள்ளே வந்தார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்கள். தனியே நின்று ஓடிக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார்கள். டைரக்டர் நடந்து நாற்காலிக்கு எதிரே வந்து நின்றான். அவன் பார்வை அவள் முகத்தின் மேல் வந்தது, நிற்கவில்லை, ஜன்னலுக்குப் போய்விட்டது.

"இங்க இல்லடா. மொட்டை மாடிக்குப் போயிருப்பாளா?"

அவள் கத்தினாள். தன் குரல் தொண்டைக்குள்ளேயே மடங்கி விழுவதை உணர்ந்தாள். கையை உதறி எழுந்து ஓடி, ரேடியோவின் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள். ரேடியோ உடம்பைக் குறுக்கிக்கொண்டு தோளைத் தேய்த்துவிட்டாள், ஒட்டடை பட்ட மாதிரி.

"எவ்ளோ குளிருது இங்க" என்றாள்.

பிறகு மூவரும் வெளியே போனார்கள்.

சோடா பின்னாலேயே ஓடினாள். வார்டின் கதவைத் தாண்டிக் காலை வைத்தாள். கால் வைத்த இடம் வார்டாக இருந்தது. எதிரே அதே கட்டில் வரிசை, அதே ஜன்னல், கோடியில் அதே நாற்காலி. மறுபடி ஓடினாள். மறுபடியும் அதேதான்.

மொட்டை மாடியில், பின்கட்டில், கிணற்றடியில் என்று அவர்கள் தேடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. குரல்களில் கிண்டல் போய்ப் பதற்றம் வந்து, பதற்றம் போய் அழுகை வந்தது.

கடைசியில் அவள் திரும்பி வந்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லை.

"போயிட்டாங்களா?" என்றது குரல், ஆறுதலாக. "அப்படித்தான். முதல்ல தேடுவாங்க. அப்புறம் பழகிடும்."

"யாருக்கு?"

"அவங்களுக்கு."

வெளிச்சம் சிவந்து, சாம்பலாகத் தொடங்கியது. கட்டில்களின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்தன. அந்த மங்கலில், வெறும் கம்பிகளுக்கு மேலே ஒரு போர்வையின் மேடு தெரிகிற மாதிரி இருந்தது. அதன் மேல் முனையில் சீராக வாரிய ஒரு தலை. சோடா அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலையே பார்த்தாள்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அது கேட்டைத் தாண்டியது. சாலையில் ஏறியது. தூரத்தில் கரைந்தது.

அவள் வாழ்க்கையில் எத்தனையோ முறை தனியாக இருந்திருக்கிறாள். அவையெல்லாம் தனிமையே இல்லை என்று அப்போது தெரிந்தது. பேர் சொல்லித் தேடிய மனிதர்கள் கண்ணெதிரே வந்து, காணாமல், விளக்கணைத்த மாதிரி போய்விடுவதுதான் தனிமை.

"நான் இருக்கேன்ல" என்றது குரல்.

மணிக்கட்டில் விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

அப்போதுதான் படியில் ஒற்றைக் காலடி ஏறியது. மெதுவாக. செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு ரேடியோ உள்ளே வந்தாள். கூப்பிடவில்லை. தொண்டை கட்டியிருக்க வேண்டும். நேராகக் கூடத்தின் கோடிக்கு வந்து, கடைசிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வெளிச்சத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் சித்தியைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க" என்றாள், இருட்டைப் பார்த்து. "நான் வரமாட்டேன்னுட்டேன். நீ எங்க இருக்கேன்னு தெரியல. ஆனா இங்கதான் எங்கயோ இருக்கே. உன் கேமராவை விட்டுட்டு நீ எங்கயும் போகமாட்டே."

சோடாவின் கண் நிறைந்தது.

"அந்த வீட்டைப் பத்தி உன்கிட்ட கேட்கணும்னு எத்தனை நாள் நினைச்சேன் தெரியுமா. அப்பாவை விட்டுட்டு நீ வரமாட்டேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீ முடியாதுன்னு உன் வாயால சொல்லிட்டா அதோட முடிஞ்சுடுமே. அதான் கேட்காமலே இருந்துட்டேன். கேட்டிருக்கணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு ரேடியோ பாடினாள். ஸ்பீக்கர் இல்லை, தாளம் இல்லை. இருட்டில் வழி தவறியவளுக்குச் சத்தத்தால் வழி காட்டுகிற மாதிரி, கட்டிய தொண்டையோடு, அதே பாட்டை. ஆளில்லாத வீட்டிலே.

கட்டிலில் இருந்தது மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது.

"உன்னைத் தேடித்தான் வந்திருக்காளா?"

"ஆமா."

"அவங்க போன பிறகும் போகாம இருக்காளா?"

"ஆமா" என்றாள் சோடா.

பாட்டு முதல் சரணத்தைத் தாண்டி இரண்டாவதுக்குப் போயிற்று.

"எனக்கு யாரும் வரல" என்றது குரல். புகாராகக்கூட இல்லை.

ஒவ்வொரு விரலாக விட்டது.

நாற்காலி கிறீச்சிட்டது. ரேடியோ பாட்டை நிறுத்தி வெளிச்சத்தைத் தூக்கினாள். இத்தனை நேரம் அவள் பார்த்துக்கொண்டிருந்த காலி நாற்காலியில், கன்னமெல்லாம் ஈரமாக, சோடா உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோ எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். சூடான கை. இருவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே நடந்தார்கள். ஓடினால் ஏதாவது பின்னால் வந்துவிடும் என்று இருவருக்குமே தோன்றியது. வாசலில் ரேடியோ முதலில் கால் வைத்தாள். வெளியே தாழ்வாரம் தாழ்வாரமாகவே இருந்தது.

வாசற்படியில் சோடா ஒரு கணம் நின்றாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் இத்தனை நேரம் தன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுப் போக அவளால் முடியவில்லை.

"தனியா இருக்காதீங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

முற்றத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வேன் வெளிச்சம் கேட்டில் திரும்பியது. மூட்டை அவளைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். எங்கே போயிருந்தாய் என்று டைரக்டர் கத்தத் தொடங்கினான். சித்தி அவன் தோளில் கை வைத்து அடக்கினாள். சோடாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம், நாடி பார்க்கும் இடத்தில், வெளிறிய விரல் தடங்கள் இருந்தன.

"கடைசிக் கட்டிலா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு வேனில் தாழ்ந்த குரலில் சொன்னாள். நெஞ்சு நோயோடு வந்த பெண். நோய் குணமாகிவிட்டது, கூட்டிப்போகத்தான் ஆள் வரவில்லை. போக இடமில்லாததால் வார்டிலேயே இருந்துவிட்டாள். பார்வையாளர் நேரம் வந்தால் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பக்கத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அக்கம்பக்கத்துக் கட்டில்களுக்கு வந்தவர்கள் கிளம்பும்போது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்களேன் என்று கையைப் பிடித்துக்கொள்வாள். புதுக் கட்டடத்துக்கு எல்லோரையும் மாற்றுவதற்கு முன்பே இறந்துவிட்டாள். உறவென்று ஒருவரும் அன்றைக்கும் வரவில்லை.

"நல்ல மனுஷி" என்றாள் சித்தி. "யாரையும் ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்ல."

கேமராவில் பதிவானதை மறுநாள் டைரக்டர் தனியாகப் பார்த்தான். காலியான நாற்காலி. தரையில் நகரும் வெயில். மூன்று பேர் வந்து தேடிவிட்டுப் போகிறார்கள். காலியான நாற்காலி. ரேடியோ வந்து பாடுகிறாள். பாடும்போது, வரிகளின் முடிவில் மட்டும், இன்னொரு பெண்குரல் மெதுவாகச் சேர்ந்துகொள்கிறது. சோடாவிடம் அவன் அதை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் தலையாட்டி மறுத்தாள். அவனே அழித்துவிட்டான். எப்பேர்ப்பட்ட காட்சி என்று பிறகு ஒருநாளும் அவன் சொல்லிக்காட்டியதில்லை.

பாட்டு வீடியோ நன்றாகவே வந்தது. கல்லூரியில் போட்டபோது கைதட்டினார்கள். நால்வரும் சேர்ந்து மேடையேறினார்கள்.

ரேடியோ சோடாவின் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினாள். அப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், மகளின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தார். வீடு எங்கேயும் ஓடிவிடாது, தனக்குத் தனியாக இருப்பது ஒன்றும் புதிதில்லை என்றார். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

நகரத்து வீட்டில் மூன்று அறைதான். மூட்டை தன் அறையை சோடாவுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர்களோடு படுத்துக்கொண்டான். வாய்க்குக் கொடுத்த தண்டனை என்று அவனே சொல்லிக்கொண்டான். வேலை வரத் தொடங்கியது. மணிக்கட்டுத் தடங்கள் மறைந்தன.

அப்பா முதல் டிரிப்புக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் தினமும் போன் செய்வாள். முன்பு ஒரே வீட்டில் இருந்தபோது பேசியதைவிட இப்போதுதான் இருவரும் அதிகம் பேசினார்கள். அப்பாவின் குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னார். முன்போல வீடு 'ஓ'வென்று இருப்பதில்லை என்றும் ஒருநாள் சொன்னார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் விடிகாலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போயிற்று.

"சரிம்மா, நேரமாச்சு. வரேன்" என்றார் அப்பா.

"பார்த்துப் போயிட்டு வாங்க."

சொன்னது சோடா இல்லை. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அதே கரகரத்த பெண்குரல், அப்பாவுக்குப் பின்னாலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"சரி, சரி" என்றார் அப்பா, பழக்கத்தில் சொல்கிற மாதிரி.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பா... வீட்ல யாரு?"

"வீட்லயா? யாரும்மா இருக்கா, நான் ஒருத்தன்தான்" என்று சிரித்தார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

அவருக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.